மரியா காலஸ்: ஏதென்ஸ் ஓபரா அனுப்பிவிட்ட பெண், 15 ஆண்டுகள் கழித்து அதே ஓபராவுக்குப் பாட வந்த கதை

2021 அக்டோபரில் கிரேக்கத் தலைநகர் ஏதென்ஸில் ஒரு பெண்ணின் சிலை திறக்கப்பட்டது. முழுக்கத் தங்க நிறம், தரை வரை நீண்ட கவுன். திறந்த சில நாட்களிலேயே சமூக வலைதளங்களில் கிண்டல் ஆரம்பித்துவிட்டது. ஹீல்ஸ் போட்ட காந்தி மாதிரி இருக்கிறது என்று கிரேக்கர்களே கலாய்த்தார்கள். நம்ம காந்தி பாவம், சம்பந்தமே இல்லாமல் சிக்கிக்கொண்டார். சிலையில் இருப்பவர் முகம் சரியாக வரவில்லையே என்பதுதான் அங்கே பலருக்குக் கோபம். அந்த அளவுக்கு அவரைத் தங்கள் வீட்டுப் பெண்ணாகவே நினைக்கிறார்கள்.

அவர் மரியா காலஸ். இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய ஓபரா பாடகி என்று பலரும் சொல்லும் பெயர். 2024ல் ஏஞ்சலினா ஜோலி நடித்த ‘மரியா’ படம் இவருடைய கடைசி நாட்களைப் பற்றியதுதான்.

சிலை இருக்கும் தெருவிலேயே, அக்ரோபோலிஸ் குன்றின் அடிவாரத்தில், ஹெரோடிஸ் அட்டிக்கஸ் என்ற பழங்காலக் கல் அரங்கம் இருக்கிறது. 1944ல், 20 வயதில், காலஸ் அங்கே கதாநாயகியாகப் பாடினார். அதை நடத்தியது கிரேக்க தேசிய ஓபரா. அடுத்த ஆண்டே அந்த நிறுவனம் அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டது. ஏன் என்று தெரிந்துகொள்ள கொஞ்சம் பின்னோக்கிப் போகவேண்டும்.

நியூயார்க்கில் பிறந்த கிரேக்கப் பெண்

மரியாவின் அப்பா கிரேக்கத்தின் மெலிகாலாஸ் என்ற ஊரில் மருந்துக்கடை வைத்திருந்தவர். 1922ல் அவர்களுடைய சின்ன மகன் மூளைக்காய்ச்சலில் இறந்துபோனான். மறு ஆண்டு குடும்பம் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியது. போய்ச் சேர்ந்த சில மாதங்களில், 1923 டிசம்பர் 2 அன்று, நியூயார்க்கில் மரியா பிறந்தார். இறந்த மகனே திரும்பி வருவான் என்று எதிர்பார்த்த அம்மா, பெண் குழந்தை என்றதும் சில நாட்கள் முகம் கொடுத்துப் பார்க்கவே இல்லை என்று சொல்வார்கள். அம்மாவுக்கும் மகளுக்குமான கசப்பு கடைசிவரை தீரவில்லை.

கலோஜெரோபூலோஸ் என்ற குடும்பப் பெயர் அமெரிக்கர்களின் வாயில் நுழையவில்லை. அப்பா அதைச் சுருக்கி காலஸ் ஆக்கினார்.

மகளின் குரலில் காசு இருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்தது அம்மாதான். 1937ல் கணவரை நியூயார்க்கிலேயே விட்டுவிட்டு, இரண்டு மகள்களையும் கூட்டிக்கொண்டு ஏதென்ஸ் திரும்பினார். மரியாவுக்கு அப்போது 13 வயது. குண்டான உடம்பு, தடிமனான மூக்குக் கண்ணாடி.

அங்கே கிடைத்த ஆசிரியர்தான் எல்லாவற்றையும் மாற்றினார். எல்விரா டி ஹிடால்கோ, ஸ்பெயின் நாட்டுப் பாடகி. மரியா காலையில் வகுப்புக்கு வந்தால் இரவுதான் வீடு திரும்புவார். தன் பாடம் முடிந்த பிறகும் மற்ற மாணவர்கள் பாடுவதை உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருப்பார். இன்னொரு சிக்கலும் இருந்தது. கண்ணாடி இல்லாமல் அவருக்கு எதுவும் தெரியாது. மேடையில் கண்ணாடி போட முடியாது. இசைக்குழுவை நடத்துபவரின் கோலும் தெரியாது. அதனால் தன் பகுதியோடு நிற்காமல், முழு நாடகத்தின் இசையையும் மனப்பாடம் செய்தார். பின்னாளில் எல்லோரும் வியந்த அவருடைய துல்லியத்துக்குப் பின்னால் இந்தக் கிட்டப்பார்வைக்கும் ஒரு பங்கு உண்டு.

போருக்கு நடுவே பிறந்த ஓபரா

ஓபரா என்றால் வசனத்துக்குப் பதிலாகப் பாட்டாலேயே நகரும் நாடகம். மைக் கிடையாது. கீழே முழு இசைக்குழு வாசிக்க, அதைத் தாண்டிக் கடைசி வரிசை வரைக்கும் குரல் போய்ச் சேரவேண்டும்.

கிரேக்கத்தில் அதற்கென்று ஒரு தேசிய நிறுவனம் 1939ல்தான் அமைந்தது. அரசு நாடக மன்றத்தின் ஒரு பிரிவாகத் தொடங்கி, 1940 மார்ச் 5ல் யோஹான் ஸ்ட்ராஸின் ‘வௌவால்’ என்ற படைப்போடு முதல் திரையைத் தூக்கினார்கள். மரியாவுக்கு ஒரு வருமானம் வரட்டும் என்று டி ஹிடால்கோ அவரை அங்கே சேர்த்துவிட்டார். 1941 பிப்ரவரியில் ‘பொக்காச்சியோ’ என்ற நகைச்சுவை ஓப்பரெட்டாவில் முதல் தனிப் பாத்திரம் கிடைத்தது. அப்போது அவருக்கு 17 வயது.

இரண்டே மாதத்தில் ஜெர்மன் படை ஏதென்ஸுக்குள் நுழைந்தது.

அந்தக் குளிர்காலத்தில் வந்த பஞ்சம் கிரேக்கர்கள் இன்றும் மறக்காத ஒன்று. தெருவில் பிணங்கள் கிடந்தன, ரொட்டிக்கு வழியில்லை. ஆனால் ஓபரா மட்டும் நடந்தது. ஆக்கிரமித்த ஜெர்மன், இத்தாலிய அதிகாரிகளுக்கு ஓபரா பிடிக்கும், ஊர்க்காரர்களுக்கோ கவலையை மறக்க ஓர் இடம் வேண்டும். முன்வரிசையில் எதிரி ராணுவ அதிகாரி, பின்னால் பட்டினி கிடக்கும் ரசிகன். இவர்கள் எல்லோருக்காகவும் ஒரு பதின்ம வயதுப் பெண் பாடினார். இத்தாலிய வீரர்களுக்குப் பாடி, கூலியாக உணவுப் பொருள்களை வாங்கிவந்ததும் உண்டு. 1942 ஆகஸ்டில், திறந்தவெளி அரங்கில், ‘டோஸ்கா’வின் கதாநாயகி ஆனார். அப்போது வயது 18.

1944 ஆகஸ்டில்தான் அந்த ஹெரோடிஸ் அட்டிக்கஸ் மேடை. நாடகம் பேத்தோவனின் ‘ஃபிடேலியோ’. கொடுங்கோல் அதிகாரி ஒருவன் ஒரு மனிதனைக் காரணமில்லாமல் சிறையில் அடைக்கிறான். மனைவி ஆண் வேடம் போட்டு, அதே சிறையில் வேலைக்குச் சேர்ந்து, கணவனை மீட்கிறாள். நடுவில் ஒரு காட்சி வரும். கைதிகள் கொஞ்ச நேரம் வெளியே விடப்பட்டு, வெளிச்சத்தைப் பார்த்துப் பாடுவார்கள். நாஜிகள் ஆண்ட ஏதென்ஸில், கிரேக்க மொழியில், திறந்த வானத்தின் கீழே இதைப் பாடியிருக்கிறார்கள். கேட்டவர்களுக்கு அர்த்தம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அந்த மனைவி லியோனோராவாக நின்றவர் காலஸ். அக்டோபரில் ஜெர்மானியர்கள் நகரை விட்டு வெளியேறினார்கள்.

விடுதலை வந்தது, வேலை போனது

ஜெர்மானியர்கள் போனதும் கிரேக்கர்களுக்குள்ளேயே துப்பாக்கிச் சண்டை. 1944 டிசம்பர் முழுக்க ஏதென்ஸ் தெருக்களில் ரத்தம். அது ஓய்ந்ததும் கணக்குப் பார்க்கும் காலம் வந்தது. யார் எதிரியோடு சேர்ந்தார்கள், யார் பிழைத்தார்கள், யார் வளர்ந்தார்கள்?

ஓபராவிலும் இதே பேச்சுதான். ஆக்கிரமிப்பின் கடைசி மாதங்களில் இந்தப் பெண் ரொம்பவும் முன்னணியில் இருந்தார் என்று புகார் கிளம்பியது. சக கலைஞர்களுக்கு அவர்மேல் ஏற்கெனவே காய்ச்சல். மூத்தவர்களைத் தாண்டி, கிடைத்த பாத்திரங்களையெல்லாம் ஒரு சின்னப் பெண் அள்ளிக்கொண்டு போனால் யாருக்குத்தான் பிடிக்கும்? முன்பிருந்தபடி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க நிர்வாகம் தயாராக இல்லை.

இதில் நியாயம் எந்தப் பக்கம் என்று சட்டென்று சொல்லிவிட முடியாது. எதிரி உட்கார்ந்திருந்த அரங்கில் அவர் பாடினார் என்பது உண்மை. அதே மேடையில், அதே பார்வையாளர்கள் முன்னால், குற்றம் சொன்னவர்களும் பாடினார்கள் என்பதும் உண்மை. காலஸ் செய்த கூடுதல் தப்பு, அவர்களைவிட நன்றாகப் பாடியது.

1945 செப்டம்பரில் ஒரு கடைசி ஓப்பரெட்டாவில் பாடி முடித்த கையோடு, அமெரிக்காவில் இருந்த அப்பாவைத் தேடிக் கப்பல் ஏறினார். 22 வயதுகூட முடிந்திருக்கவில்லை. ஆனால் ஏதென்ஸில் அதுவரை ஏழு ஓபராக்களில் 56 முறை மேடையேறியிருந்தார் என்று அவருடைய வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் கணக்குச் சொல்கிறார்கள். திடீரென்று வானத்திலிருந்து குதித்தவர் மாதிரி இத்தாலி பின்னாளில் அவரைக் கொண்டாடியது. ஆனால் தொழில் பழகியது முழுக்க இந்தப் பஞ்ச கால மேடையில்தான்.

உலகம் கேட்ட குரல்

அமெரிக்காவில் இரண்டு ஆண்டுகள் சும்மா போயின. சிகாகோவில் அவரைச் சேர்த்துக்கொண்ட ஒரு ஓபரா நிறுவனம் முதல் நாடகத்துக்கு முன்பே திவாலானது. 1947ல் இத்தாலியின் வெரோனா நகரில் பாட வாய்ப்பு வந்தது. நடத்துநர் துல்லியோ செராஃபின் அவரை விடாமல் பிடித்துக்கொண்டார்.

1949 ஜனவரியில் வெனிஸில் நடந்ததுதான் திருப்புமுனை. காலஸ் அப்போது வாக்னரின் நாடகம் ஒன்றில் பாடிக்கொண்டிருந்தார். அதற்கு இடி மாதிரியான குரல் வேண்டும். அதே அரங்கில் அடுத்து வரவிருந்த பெல்லினியின் ‘ஐ பியூரிட்டானி’க்கு நேர்மாறான குரல் தேவை, நகை வேலை மாதிரி நுணுக்கமான ஸ்வர ஓட்டங்களைப் பாடவேண்டும். அதற்கு ஏற்பாடான பாடகிக்கு உடம்பு சரியில்லாமல் போனது. செராஃபின் காலஸைப் பாடச் சொன்னார். ஒருபக்கம் வாக்னர் ஓடிக்கொண்டிருக்க, ஒரு வாரம் போல அவகாசத்தில் அவர் அதைக் கற்றுப் பாடினார். இரண்டு வகையையும் ஒரே தொண்டை பாடும் என்று அன்றைக்கு யாரும் நம்பியதில்லை.

பிறகு நடந்தவை வேகமானவை. செங்கல் தொழிலதிபர் மெனெகினியோடு கல்யாணம், 1951ல் மிலானின் லா ஸ்காலா பருவத்தின் தொடக்க விழா நாயகி, சுமார் 36 கிலோ எடைக் குறைப்பு, 1956ல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன். கூடவே சண்டைகள், தலைப்புச் செய்திகள். 1958ல் ரோம் நகரில் இத்தாலிய ஜனாதிபதி உட்கார்ந்திருக்கும்போதே, குரல் சரியில்லை என்று முதல் அங்கத்தோடு நிறுத்திவிட்டார்.

மறுபடியும் ஏதென்ஸ்

1957 ஆகஸ்டில் ஏதென்ஸ் விழாவுக்காகக் கிரேக்கம் வந்தார், 12 ஆண்டுகளுக்குப் பிறகு. வரவேற்பு சுமுகமாக இல்லை. ஏழை நாடு, இவ்வளவு சம்பளம் எதற்கு என்று அரசியல் சர்ச்சை வெடித்தது. போதாததற்கு முதல் கச்சேரியைத் தொண்டைப் பிரச்சினையால் கடைசி நேரத்தில் ரத்து செய்தார். சில நாள் கழித்து, அதே ஹெரோடிஸ் அட்டிக்கஸ் அரங்கில் பாடினார். திட்டத் தயாராக வந்த கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

கிரேக்க தேசிய ஓபராவோடு மீண்டும் சேர்ந்தது 1960ல். இடம், எபிடாரஸ். கிறிஸ்து பிறப்பதற்கு 300 ஆண்டுகளுக்கும் முன்பு கட்டப்பட்ட, பல ஆயிரம் பேர் உட்காரும் வட்டக் கல் அரங்கம். ஆகஸ்ட் 21 அன்று ‘நார்மா’ தொடங்கவேண்டும், மழை கொட்டி நிகழ்ச்சியே ரத்தானது. 24ம் தேதி பாடினார். சம்பளத்தை இளம் கிரேக்க இசைக் கலைஞர்களின் கல்வி உதவிக்குக் கொடுத்துவிட்டார். 1957ல் கேட்ட பேச்சுக்கு அதுதான் பதில் என்று எடுத்துக்கொண்டவர்கள் உண்டு.

1961ல் ‘மெடியா’. கணவன் துரோகம் செய்ததால் பெற்ற பிள்ளைகளையே கொல்லும் பெண்ணின் கதை. யூரிப்பிடிஸ் எழுதிய பழைய கிரேக்க நாடகம், கெருபினி என்ற இத்தாலியர் கையில் ஓபராவாகி, கடைசியில் கிரேக்க மண்ணுக்கே திரும்பி வந்தது. இயக்கியவர் அலெக்சிஸ் மினோடிஸ், மேடையும் ஆடையும் ஓவியர் யானிஸ் சாரூகிஸ். இதே கூட்டணி 1958ல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் ‘மெடியா’ செய்தபோது ஒரு சம்பவம். ஒத்திகையில் காலஸ் மண்டியிட்டுக் கையால் தரையை அடித்துத் தெய்வங்களை அழைத்தார். பழங்கால நாடகத்துக்குப் பொருந்தும் என்று மினோடிஸ் யோசித்து வைத்திருந்த அதே அசைவு. யாரும் அவருக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை. மினோடிஸ் இதைப் பின்னாளில் வியப்போடு நினைவுகூர்ந்தார்.

கிரேக்கத்தில் காலஸ் பாடிய கடைசி முழு ஓபரா அந்த ‘மெடியா’தான்.

அதற்குள் வாழ்க்கை வேறு பக்கம் போயிருந்தது. கப்பல் அதிபர் ஒனாசிஸுக்காக 1959ல் கணவரைப் பிரிந்தார். குரலும் தளர ஆரம்பித்தது. 1965 ஜூலையில் லண்டனில் ‘டோஸ்கா’ பாடியதோடு ஓபரா மேடை முடிந்தது. மறு ஆண்டு அமெரிக்கக் குடியுரிமையைத் துறந்து கிரேக்கக் குடிமகள் ஆனார். இதில் ஒரு சட்ட நுணுக்கம் இருந்தது. கிரேக்க தேவாலயத்தில் நடக்காத திருமணத்தை அன்றைய கிரேக்கச் சட்டம் ஏற்காது. ஆக, மெனெகினியோடு நடந்த கத்தோலிக்கத் திருமணம் அங்கே செல்லாது. விடுதலை கிடைத்தது. ஆனால் 1968ல் ஒனாசிஸ் கட்டிக்கொண்டது ஜாக்குலின் கென்னடியை.

1977 செப்டம்பர் 16 அன்று பாரிஸில், 53 வயதில், மாரடைப்பால் இறந்தார். 1979ல் அஸ்தி ஏஜியன் கடலில் கரைக்கப்பட்டது.

கிரேக்க தேசிய ஓபரா 2017ல் கடற்கரை ஓரத்தில், ரென்சோ பியானோ வடிவமைத்த புதுக் கட்டடத்துக்குக் குடிபோனது. அவருடைய நூற்றாண்டு ஆண்டான 2023 ஏப்ரலில் அங்கே ‘மெடியா’வை, நியூயார்க் மெட்ரோபாலிட்டனோடு சேர்ந்து, மறுபடியும் மேடையேற்றியது. அதற்கு முன் அந்த நிறுவனம் பல ஆண்டுகள் இயங்கிய நகர நடுவிலுள்ள ஒலிம்பியா அரங்கம் இப்போது மாநகராட்சி வசம் இருக்கிறது. அதற்கு மரியா காலஸ் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.