களிமண் சொன்ன சாட்சி
(எமிலி து ஷாத்தலேயின் வாழ்வும் பணியும்)

பௌதிகவியல் பாடநூலில் சில விதிகளுக்குச் சொந்தக்காரர் பெயர் உண்டு. நியூட்டனின் விதிகள், ஹூக்கின் விதி, ஆர்க்கிமிடீசின் தத்துவம் என்றெல்லாம் மனனம் செய்கிறோம். ஆனால் நாம் நாளாந்தம் பயன்படுத்தும் ஒரு சூத்திரத்திற்கு எந்தப் பெயரும் இல்லை. திணிவை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி அதில் அரைவாசியை எடுத்தால் இயக்கப்பாட்டுச் சக்தி கிடைக்கும் என்பதே அது. ஏன் வேகத்தின் வர்க்கம்? ஏன் வெறும் வேகம் போதாது? இந்தக் கேள்விக்காக ஐரோப்பிய அறிஞர்கள் பல தசாப்தங்கள் சண்டையிட்டார்கள். அந்தச் சண்டையில் தைரியமாக இறங்கிய ஒரு தாயின் வரலாற்றையே இங்கு எழுதுகிறேன்.

எமிலி 1706 டிசம்பர் 17இல் பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தை, மன்னர் பதினான்காம் லூயியின் அரசவையில் வெளிநாட்டுத் தூதர்களை வரவேற்று அறிமுகப்படுத்தும் பதவியில் இருந்தவர். செல்வக் குடும்பம். வீட்டிலேயே கற்கும் வாய்ப்பு எமிலிக்குக் கிடைத்தது. இலத்தீனையும் நன்றாகக் கற்றார். அக்காலத்தில் ஒரு பெண்பிள்ளைக்கு இது அரிது. இந்த வசதி எல்லாப் பெண்களுக்கும் இருக்கவில்லை என்பதையும் நாம் மறக்கக் கூடாது. அவரை விடத் திறமைசாலியான எத்தனையோ பிள்ளைகள் அடுப்படியோடு நின்றிருப்பார்கள்.

1725இல், பதினெட்டு வயதில், இராணுவ அதிகாரியான து ஷாத்தலே பிரபுவுக்கு மணமுடித்து வைக்கப்பட்டார். ஒரு மகளும் இரண்டு ஆண் பிள்ளைகளும் பிறந்தார்கள். கடைசி மகன் கைக்குழந்தையாகவே இறந்து போனான். திருமணம், பிள்ளைகள், அரசவை விருந்துகள் என்று ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில், இருபத்தாறு இருபத்தேழு வயதில் அவர் மீண்டும் கணிதப் புத்தகத்தைத் திறந்தார். நம்மில் பலர் படிப்பு முடிந்துவிட்டது என்று நினைக்கும் இடத்தில் அவருடைய படிப்பு தொடங்கியது.

அவருக்குக் கணிதம் கற்பித்தவர்கள் சாதாரணமானவர்கள் அல்லர். ஒருவர் மொபேர்த்துயி, மற்றவர் கிளேரோ. இவ்விருவரும் 1736இல் வட துருவத்திற்கு அண்மையிலுள்ள லாப்லாந்து பிரதேசத்திற்குச் சென்று, பூமி துருவங்களில் சற்றுத் தட்டையானது என்பதை அளந்து உறுதிப்படுத்திய குழுவில் இருந்தவர்கள். பாரிசில் அறிஞர்கள் கூடி உரையாடும் கோப்பிக் கடை ஒன்றில், பெண் என்பதால் எமிலிக்கு அனுமதி மறுக்கப்பட்டதாகவும், அவர் ஆண் உடை தரித்துக்கொண்டு மீண்டும் வந்து அமர்ந்ததாகவும் ஒரு கதை சொல்லப்படுகிறது. கதை எப்படியோ, கதவு மூடியிருந்தது மட்டும் உண்மை. பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தில் பெண்களுக்கு இடமே இருக்கவில்லை.

எமிலி தம் கணவரின் குடும்பத்துக்குச் சொந்தமான சீரே என்ற கிராமத்து மாளிகையைத் தம் கல்விக்கூடமாக்கிக் கொண்டார். புகழ்பெற்ற எழுத்தாளர் வோல்டேயரும் அங்கு வந்து தங்கியிருந்தார். ஆயிரக்கணக்கான நூல்களும் பரிசோதனைக் கருவிகளும் அங்கே சேர்ந்தன. நெருப்பின் இயல்பு பற்றி விஞ்ஞானக் கழகம் ஒரு போட்டியை அறிவித்தபோது வோல்டேயர் கட்டுரை எழுதினார். அவருடைய முடிவுகளோடு எமிலிக்கு உடன்பாடில்லை. ஆகவே யாருக்கும் சொல்லாமல் இரவுகளில் விழித்திருந்து தாமும் ஒரு கட்டுரை எழுதி அனுப்பினார். பரிசு இருவருக்கும் கிடைக்கவில்லை. ஒயிலர் உட்பட மூவருக்கே போனது. ஆனாலும் எமிலியின் கட்டுரையைக் கழகம் தன் செலவில் அச்சிட்டது. உள்ளே நுழைய அனுமதியில்லாத ஒருவரின் எழுத்து உள்ளே நுழைந்துவிட்டது.

1740இல் அவருடைய பௌதிகவியல் நூல் வெளிவந்தது. அதை அவர் எழுதியது தம் மகனுக்காக. அப்போது அவனுக்குப் பதின்மூன்று வயதளவுதான். நம் நாட்டுக் கணக்கில் எட்டாம், ஒன்பதாம் தரம். அவனுக்குப் புரியும் வகையில் பிரெஞ்சு மொழியில் நல்ல நூல் இல்லையே என்ற குறையைத் தாமே தீர்க்க முனைந்தார். முதற் பதிப்பில் தம் பெயரைக்கூடப் போடவில்லை. அந்த நூலின் கடைசி அத்தியாயத்தில்தான், நான் மேலே சொன்ன சண்டைக்குள் அவர் இறங்குகிறார்.

அந்தச் சண்டை என்னவென்று பார்ப்போம். இயங்கும் பொருளொன்றின் வலிமையை எதனால் அளப்பது? பிரெஞ்சு மெய்யியலாளர் டேக்கார்ட் திணிவை வேகத்தால் பெருக்கச் சொன்னார். நாம் இன்று உந்தம் என்று சொல்லும் கணியத்துக்கு அது நெருக்கமானது. ஜேர்மனியரான லைப்னிட்ஸ் 1686இல் அதை மறுத்தார். அவருடைய வாதம் மிக எளிமையானது. நான்கு கிலோகிராம் பொருளை ஒரு மீற்றர் உயர்த்துவதற்கும் ஒரு கிலோகிராம் பொருளை நான்கு மீற்றர் உயர்த்துவதற்கும் ஒரே அளவு வேலைதான் தேவை. ஆகவே அவை கீழே விழுந்து நிலத்தைத் தொடும்போது இரண்டும் ஒரே வலிமையைப் பெற்றிருக்க வேண்டும். ஆனால் கலிலியோ காட்டியபடி, நான்கு மடங்கு உயரத்திலிருந்து விழும் பொருளின் வேகம் நான்கு மடங்காவதில்லை, இரண்டு மடங்குதான் ஆகிறது. அப்படியானால் திணிவை வேகத்தால் பெருக்கினால் கணக்குச் சமப்படாது. முதலாவது பொருளுக்கு நான்கு, மற்றதற்கு இரண்டு. வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கிப் பாருங்கள், இரண்டுக்கும் நான்கு என்றே வரும்.

கணக்கு சரி, கண்ணால் காட்ட முடியுமா? ஒல்லாந்து நாட்டின் லைடன் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிராவசாண்ட் அதைச் செய்தார். ஒரே அளவான, ஆனால் வெவ்வேறு திணிவுள்ள பித்தளைக் குண்டுகளை மென்மையான களிமண் மீது வெவ்வேறு உயரங்களிலிருந்து விழவிட்டார். வேகம் இரு மடங்காகும்போது களிமண்ணில் விழும் பள்ளம் நான்கு மடங்காகியது. அவர் நியூட்டனைப் பின்பற்றியவர். முன்பு வேகத்தை மட்டும் பெருக்கினால் போதும் என்று நம்பியவர். களிமண் சாட்சி சொன்ன பிறகு தம் கருத்தை மாற்றிக்கொண்டார். எமிலி இந்தப் பரிசோதனையின் பெறுமதியை உணர்ந்து, லைப்னிட்சின் வாதத்தோடு சேர்த்துத் தம் நூலில் விளக்கினார். பரிசோதனையையே எமிலி செய்தார் என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. இல்லாத புகழை அவருக்குச் சேர்க்கத் தேவையில்லை, இருப்பதே போதும்.

அந்நூலில் அவர் விஞ்ஞானக் கழக உறுப்பினரான மேரானின் வாதத்தைப் பெயர் சொல்லி மறுத்திருந்தார். 1741இல் மேரான் கழகத்தின் செயலாளராகவும் இருந்தார். அவர் பகிரங்கக் கடிதமொன்றை அச்சிட்டு, எமிலி தம் எழுத்தைச் சரியாகப் படிக்கவில்லை என்ற தொனியில் பதில் கொடுத்தார். எமிலி மௌனமாக இருக்கவில்லை. சில வாரங்களுக்குள் ஒவ்வொரு வாதமாக எடுத்து மறுத்துத் தம் பதிலை அச்சிட்டார். இதே காலத்தில் அவருக்குச் சில மாதங்கள் பாடம் சொல்லிக் கொடுத்த கேனிக் என்பவர், அந்த நூலே தம்முடைய பாடங்கள்தான் என்று பாரிசில் சொல்லித் திரிந்தார். வோல்டேயரும் இந்த விடயத்தில் மறுபக்கம் நின்றார். இத்தனைக்கும் நடுவில் 1742இல் அவர் நூலின் இரண்டாம் பதிப்பை வெளியிட்டார். இம்முறை தம் பெயரோடு. மறு வருடமே அது ஜேர்மன், இத்தாலிய மொழிகளில் வந்தது. 1746இல் இத்தாலியின் பொலோஞ்ஞா விஞ்ஞானக் கழகம் அவரை உறுப்பினராக்கிக் கௌரவித்தது.

இன்று நாம் இரு தரப்பும் சரி என்று கற்கிறோம். விசையை நேரத்தால் பெருக்கினால் உந்த மாற்றம், விசையைத் தூரத்தால் பெருக்கினால் இயக்கப்பாட்டுச் சக்தியின் மாற்றம். ஓர் உதாரணம் சொல்கிறேன். பஸ் ஒன்று செக்கனுக்கு 10 மீற்றர் வேகத்தில், அதாவது மணிக்கு 36 கிலோமீற்றரில் வருகிறது. பிரேக் பிடித்ததும் 5 மீற்றர் வீதம் சீரான அமர்முடுகல் ஏற்படுவதாகக் கொள்வோம். அது நிற்க 2 செக்கன் எடுக்கும், 10 மீற்றர் தூரம் ஓடும். அதே பஸ் மணிக்கு 72 கிலோமீற்றரில் வந்தால் நிற்க எடுக்கும் நேரம் 4 செக்கன். இரு மடங்குதான். ஆனால் ஓடும் தூரமோ 40 மீற்றர். நான்கு மடங்கு! நேரம் டேக்கார்ட் பக்கம் பேசுகிறது, தூரம் லைப்னிட்ஸ் பக்கம் பேசுகிறது. வீதியைக் கடக்கும் பிள்ளைக்கு முக்கியம் அந்தத் தூரம்தான். சூத்திரத்திலுள்ள அரைவாசி என்ற எண்ணை 1829இல் கொரியோலிஸ் என்ற பிரெஞ்சுக்காரர் சேர்த்தார்.

எமிலியிடம் குறைகளும் இருந்தன. அரசவைச் சூதாட்ட மேசைகளில் பெருந்தொகைப் பணத்தை இழந்தார். கணிதம் தெரிந்திருந்தும் சூது அவரை விடவில்லை. நம் மார்க்கம் ஏன் அதனைத் தடுத்தது என்பதற்கு இதுவும் ஒரு சான்று. அவருடைய வாழ்க்கை முறை நமக்கு முன்மாதிரி என்று நான் சொல்ல வரவில்லை. அவர் அறிவைத் தேடிய விதத்தையே சொல்ல வருகிறேன்.

அவருடைய மிகப் பெரிய வேலை இனித்தான் வருகிறது. நியூட்டன் 1687இல் இலத்தீனில் வெளியிட்ட பெருநூலில்தான் இயக்கத்தின் மூன்று விதிகளும் ஈர்ப்பு விதியும் இருக்கின்றன. கற்றவர்களும் தடுமாறும் நூல் அது. 1740களின் நடுவில் எமிலி அதைப் பிரெஞ்சில் மொழிபெயர்க்கத் தொடங்கினார். மொழிபெயர்ப்போடு நிற்காமல் விரிவான விளக்கவுரையும் எழுதினார். நியூட்டன் கேத்திரகணித வரைபடங்களால் நிறுவியவற்றைப் புதிய நுண்கணித முறையில் விளக்கினார். கோள்களின் பாதைகள், பூமியின் வடிவம், கடலின் வற்றுப்பெருக்கு எல்லாம் அதில் அடங்கின. லைப்னிட்சுக்காக வாதாடிய அதே கையால் நியூட்டனை மொழிபெயர்த்தார். இரண்டு பேரையும் பின்பற்றியவர்கள் எதிரெதிர் முகாம்களாக நின்ற காலம் அது. அவர் முகாம் பார்க்கவில்லை, எது உண்மை என்று மட்டும் பார்த்தார். இதுவே அவரிடம் எனக்கு மிகவும் பிடித்த விடயம்.

1749இல், நாற்பத்திரண்டாவது வயதில், அவர் மீண்டும் கருவுற்றார். அந்த வயதில் பிரசவம் என்பது அன்று உயிரோடு விளையாடுவது போன்றது. தாம் பிழைக்காமல் போகலாம் என்ற அச்சம் அவருக்கு இருந்தது. முடிக்காத கையெழுத்துப் பிரதியும் இருந்தது. விருந்துகளையும் சந்திப்புகளையும் விட்டார். காலையில் மேசைக்கு அமர்ந்தால் நள்ளிரவு தாண்டியும் எழுதினார். கிளேரோ கணக்கீடுகளைச் சரிபார்த்து உதவினார். ஒரு பக்கம் வயிற்றில் பிள்ளை வளர்ந்தது, மறு பக்கம் மேசையில் நூல் வளர்ந்தது. இரண்டுக்கும் ஒரே தவணை.

செப்டெம்பர் 4ஆம் திகதி லுனேவில் நகரில் அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம் என்றே எல்லோரும் மகிழ்ந்தார்கள். சில நாட்களில் காய்ச்சல் கண்டது. கையெழுத்துப் பிரதி பாரிசில் மன்னரின் நூலகத்தில் பாதுகாக்கப்படுவதற்கும் அவரே ஏற்பாடு செய்திருந்தார். செப்டெம்பர் 10ஆம் திகதி அவருடைய உயிர் பிரிந்தது. அந்தக் குழந்தையும் இரண்டு வயதை அடையு முன் இறந்தது.

நூல் மட்டும் பிழைத்தது. முழுப் பதிப்பு 1759இல் வெளியாகியது. அதுவும் பொருத்தமான வருடம்தான். நியூட்டனின் விதிகளின்படி ஹேலியின் வால்வெள்ளி திரும்பி வரும் என்று சொல்லப்பட்டிருந்தது. எமிலியின் ஆசிரியர் கிளேரோ, அது 1759 ஏப்ரல் நடுவில், ஒரு மாதம் முன்பின்னாக, சூரியனை நெருங்கும் என்று கணித்திருந்தார். மார்ச் 13இல் அது சூரியனை மிக அண்மித்தது. வானமே வந்து நியூட்டனுக்குச் சாட்சி சொன்ன வருடத்தில், அவரை பிரெஞ்சு மக்கள் தம் சொந்த மொழியில் வாசிக்க முடிந்தது. இன்றும் பிரெஞ்சு மொழியில் நியூட்டனைப் படிப்பவர்கள் எமிலியின் மொழிபெயர்ப்பையே முதன்மையாக எடுக்கிறார்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை சொல்ல விரும்புகிறேன். சாதாரண தரப் பெறுபேறு வந்ததும் நான் கணிதப் பிரிவைத் தெரிவு செய்தேன். சொந்தக்காரர் சிலர் பொம்பிளைப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு, நாளைக்குக் கல்யாணம் முடித்தால் எல்லாம் மறந்துவிடும் என்றார்கள். வாப்பா ஒன்றும் பேசவில்லை, இணைந்த கணிதப் புத்தகம் வாங்கித் தந்தார். உம்மா விடியற்காலையில் தேநீர் ஊற்றித் தருகிறார். அறிவைத் தேடுவதை ஆணுக்கும் பெண்ணுக்கும் கடமையாகக் கருதும் சமூகம் நாம். திருமணமும் தாய்மையும் அறிவுக்கு முற்றுப்புள்ளி அல்ல என்பதற்கு முந்நூறு வருடங்களுக்கு முன் பிறந்த ஒரு தாய் சான்றாக இருக்கிறார். மகனுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கவே அவர் பௌதிகவியல் நூல் எழுதினார் என்பதை நினைவில் வையுங்கள். படித்த தாய் வீட்டிலேயே ஒரு பாடசாலை.

தோழியரே, அடுத்த தடவை பரீட்சைத் தாளில் வேகத்தை வர்க்கமாக்கும்போது ஒரு கணம் நின்று பாருங்கள். அந்த வர்க்கத்திற்காக ஒரு பெண் பெரிய மனிதர்களோடு நேருக்கு நேர் வாதாடியிருக்கிறார். சூத்திரத்தில் அவருடைய பெயர் இல்லை. நாமாவது தெரிந்து வைத்திருப்போம்.