தகரப் பட்டறைக்காரர் மகன் கண்ட இரட்டைச் சக்திக் கார்

திருநள்ளாறு என்றதும் சனீசுவர பகவான் நினைவுக்கு வருவார். கூடவே நளமகாராஜனும் வருவான்.

நாட்டை இழந்தவன் நளன். மனைவி தமயந்தியைப் பிரிந்து, உருமாறி, அயோத்தி அரசனிடம் தேரோட்டியாக வேலை பார்த்தான். அயோத்தியிலிருந்து விதர்ப்ப நாட்டுக்கு ஒரே நாளில் தேரை ஓட்டிச் சென்றான். தேர் வந்த ஓசையைக் கேட்டதுமே, ஓட்டி வருபவன் தன் கணவனாக இருக்கலாம் என்று தமயந்திக்குத் தோன்றியதாம். திருநள்ளாற்றுக் குளத்தில் நீராடிச் சனியின் பிடியிலிருந்து அவன் விடுபட்டான் என்பது தல வரலாறு.

அந்த நள தீர்த்தத்துக்கு இன்று பக்தர்கள் காரில் வருகிறார்கள். சனிக்கிழமைக் கூட்டத்தில் கார்கள் நின்று நின்று ஊர வேண்டியதுதான். அந்த வரிசையில் ஒன்றிரண்டு கார்கள் ஓசையே இல்லாமல் நகரும். தமயந்தியின் காதுக்குக்கூட எட்டாது! அவைதாம் ஹைபிரிட் கார்கள்.

ஹைபிரிட் காரில் பெட்ரோல் என்ஜினும் உண்டு. மின்சார மோட்டாரும் பாட்டரியும் உண்டு. மெதுவாகப் போகும்போது மின்சாரமே காரை நகர்த்திவிடும். வேகம் வேண்டும்போது என்ஜின் கைகொடுக்கும். பிரேக் போட்டால் வீணாகும் சக்தியில் ஒரு பகுதி மின்சாரமாகிப் பாட்டரிக்குத் திரும்பும். ஆகவே நெரிசலில்தான் இதற்கு லாபம் அதிகம். வாங்குமுன் ஓட்டிப் பார்க்கிறவர்கள் அகன்ற சாலையில் மட்டும் ஓட்டிவிட்டுத் திரும்பினால், பாதிதான் தெரிந்துகொள்வார்கள். கடைத்தெருவிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

2022-ல் மாருதி கம்பெனியின் கிராண்ட் விட்டாரா வந்தது. அதில் மின்சாரத் துணை சிறிதளவே உள்ள வகைக்கு லிட்டருக்கு 21.11 கிலோமீட்டர் என்றும், முழு ஹைபிரிட் வகைக்கு 27.97 கிலோமீட்டர் என்றும் சோதனைக் கணக்கு சொல்லிற்று. ஆனால் முழு ஹைபிரிட்டின் விலை சில லட்சம் கூட. பெட்ரோலில் மிச்சமாகும் காசு அந்த லட்சங்களை ஈடுகட்ட எத்தனை வருஷமாகும்? குடும்பஸ்தர்கள் காகிதமும் பென்சிலுமாக உட்கார வேண்டிய இடம் இதுதான்.

இந்த விலைத் தொல்லை இன்று வந்ததல்ல. 1900-ம் ஆண்டிலேயே இரட்டைச் சக்திக் காரைச் செய்து ஓட்டிய ஒருவர் இதோடு மல்லுக்கு நின்றார். அவர் பெயர் பெர்டினாண்ட் போர்ஷே.

வீட்டில் எரிந்த விளக்கு

போர்ஷே 1875 செப்டம்பர் 3-ந் தேதி, பொஹீமியா நாட்டில் மாபர்ஸ்டோர்ப் என்ற ஊரில் பிறந்தார். அப்போது அது ஆஸ்திரியப் பேரரசில் இருந்தது. இன்று செக் நாட்டில் இருக்கிறது. தந்தை தகரப் பட்டறை வைத்திருந்தார். மகனும் பகலில் சுத்தியல் பிடித்தார். இரவில் பக்கத்து ஊர்த் தொழிற்பள்ளிக்குப் போனார். மின்சாரத்தின்மேல் அவருக்கு அப்படி ஒரு மோகம்! தந்தையின் வீட்டில் தாமே மின்சார விளக்குப் போட்டுக் காட்டினார்.

பதினெட்டு வயதில் வியன்னா நகரத்தில் ஒரு மின்சாரக் கம்பெனியில் சேர்ந்தார். அங்குள்ள சர்வகலாசாலையில் பாடங்களைக் கேட்டதுண்டு. பரீட்சை எழுதிப் பட்டம் வாங்கியதில்லை. 1917-ல் கவுரவ டாக்டர் பட்டம் அவரைத் தேடி வந்தது.

பாரீஸ் கண்காட்சி

லோனர் என்பவர் வியன்னாவில் குதிரை வண்டிகள் கட்டும் பெரிய கம்பெனிக்காரர். குதிரையின் காலம் முடிகிறது என்பதை அறிந்தவர். அவரிடம் போர்ஷே சேர்ந்தார். மின்சார மோட்டாரைச் சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே வைத்து ஒரு கார் செய்தார். சங்கிலி இல்லை, பல்சக்கரம் இல்லை. 1900-ல் பாரீஸ் உலகக் கண்காட்சியில் அந்தக் காரைக் கண்டவர்கள் வியந்தார்கள்.

ஆனால் அதன் பாட்டரி நானூறு கிலோவுக்கு மேல் கனத்தது. ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் ஓய்ந்துவிடும். போர்ஷே யோசித்தார். பாட்டரிக்கு மின்சாரம் ஊட்டும் டைனமோவைக் காரிலேயே வைத்தால் என்ன? இரண்டு சிறிய பெட்ரோல் என்ஜின்களைப் பொருத்தி, அவற்றால் டைனமோவைச் சுழற்றினார். அதுதான் முதல் ஹைபிரிட் கார் என்று சொல்லப்படுகிறது. என்றும் உயிருள்ளது என்று பொருள்படும்படி லத்தீன் மொழியில் அதற்குப் பெயர் வைத்தார்கள்.

கார் ஓடிற்று. விலைதான் ஓடவிடவில்லை. பிரபுக்களும் தனவந்தர்களும்தான் வாங்க முடிந்தது. என்ஜினும் வேண்டும், டைனமோவும் வேண்டும், மோட்டாரும் வேண்டும் என்றால் செலவு எப்படிக் குறையும்?

போர்ஷே வரைபடத்தோடு நிற்கிறவர் அல்ல. செய்த காரைத் தாமே ஓட்டிப் பார்ப்பார். ஆஸ்ட்ரோ-டைம்லர் கம்பெனியில் தலைமை எஞ்சினியராக இருந்தபோது, 1910-ல் இளவரசர் ஹென்ரிச் பெயரால் நடந்த பந்தயத்தில் தம் காரைத் தாமே ஓட்டி முதலாவதாக வந்தார்!

ஏழைக்கு ஒரு கார்

1931-ல் ஸ்டுட்கார்ட் நகரில் சொந்தக் காரியாலயம் திறந்தார். இப்போது அவர் கனவு வேறு. இரட்டைச் சக்தி வேண்டாம். ஒரே சிறிய என்ஜின் போதும். அதுவும் காற்றிலேயே குளிர வேண்டும். சாதாரணத் தொழிலாளியும் வாங்க வேண்டும். அந்தக் கனவு அவர் ஒருவருக்கே உரியதல்ல. செக் நாட்டு டாட்ரா கம்பெனியும் அத்தகைய கார் செய்தது.

ஹிட்லர் குறுக்கிட்டான். காரின் விலை ஆயிரம் மார்க்குக்குள் இருக்க வேண்டும் என்றான். 1934-ல் ஒப்பந்தம் ஆயிற்று. 1936-ல் மூன்று மாதிரிக் கார்களை ஆளுக்கு 50,000 கிலோமீட்டர் ஓட்டினார்கள். உடைந்ததைத் திருத்தினார்கள். மறு வருஷம் முப்பது கார்களைப் படைவீரர்கள் ஓட்டினார்கள். மொத்தம் 24 லட்சம் கிலோமீட்டர்! இத்தனை கடுமையாக ஒரு காரை ஓட்டிப் பார்த்து அதற்குமுன் யாரும் விற்றிருக்க மாட்டார்கள்.

விலை 990 மார்க் என்று அறிவித்தார்கள். வாரம் 5 மார்க் கட்டி ஸ்டாம்பு வாங்கி ஒட்ட வேண்டும். ஏறத்தாழ நான்கு வருஷத்தில் கார் கிடைக்கும். வட்டி கிடையாது. சுமார் 3,36,000 பேர் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பணம் கட்டினார்கள்.

1939-ல் யுத்தம் மூண்டது. தொழிற்சாலை ராணுவ வண்டிகள் செய்தது. போர்ஷே 1937-லேயே நாஜிக் கட்சியில் சேர்ந்திருந்தார். தொழிற்சாலையின் தலைமைப் பொறுப்பிலும் இருந்தார். அங்கே பல்லாயிரம் அயல்நாட்டாரும் கைதிகளும் கட்டாயப்படுத்தி வேலை வாங்கப்பட்டார்கள். அவருடைய திறமையைப் புகழ்கிறவர்கள் இதைத் தாண்டிப் போக முடியாது.

பழைய கனவு, புதிய உரு

இந்தச் சமயத்தில் பழைய மின்சார ஆசை அவருக்கு மறுபடி வந்தது. பெரிய டாங்கி ஒன்றில் பெட்ரோல் என்ஜினால் டைனமோவைச் சுழற்றி, அந்த மின்சாரத்தால் ஓடச் செய்தார். 1942-ல் ஹென்ஷல் கம்பெனியின் டாங்கியோடு அதை ஒப்பிட்டுச் சோதித்தார்கள். போர்ஷேயின் டாங்கி தோற்றது. கோளாறு மேல் கோளாறு. ஹென்ஷலின் டாங்கி ஏற்கப்பட்டது.

ஜெர்மனி வீழ்ந்தது. 1945 டிசம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் போர்ஷேயைக் கைது செய்தார்கள். திருநள்ளாறும் காரைக்காலும் அப்போது அதே பிரெஞ்சுக் கொடியின் கீழ்தான் இருந்தன; 1954-ல்தான் அவை விடுபட்டன. எழுபது வயதுக் கிழவர் விசாரணையே இல்லாமல் இருபது மாதம் சிறையில் கிடந்தார். 1947 ஆகஸ்டில் வெளியே வந்தபோது உடல் தளர்ந்திருந்தது.

1950 நவம்பரில் உல்ப்ஸ்பர்க் தொழிற்சாலையைப் பார்க்கப் போனார். அவர் வடிவமைத்த சிறிய கார் அங்கே வரிசை வரிசையாக உருவாகிக்கொண்டிருந்தது. திரும்பியபின் பக்கவாதம் தாக்கிற்று. 1951 ஜனவரி 30-ந் தேதி காலமானார்.

வண்டுபோல் இருந்ததால் பீட்டில் என்று பெயர் பெற்ற அந்தக் கார், 2003 ஜூலை வரை உற்பத்தியாயிற்று. இரண்டு கோடியே பதினைந்து லட்சத்துக்கு மேல் விற்றது. இரட்டைச் சக்தி பெருவாரியாக வர 1997 டிசம்பரில் ஜப்பானின் டொயோட்டா பிரியஸ் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஸ்டாம்பு ஒட்டியவர்கள்? ஒருவருக்கும் கார் வரவில்லை. பெர்லின் பாங்கில் இருந்த பணம் ரஷ்யர் கைக்குப் போயிற்று. அவர்கள் சங்கம் சேர்ந்து கோர்ட்டுக்குப் போனார்கள். வருஷக்கணக்கில் வழக்கு நடந்தது. 1961-ல் சமரசம் ஆயிற்று. முழுத் தொகை கட்டியவருக்குப் புதுக் கார் வாங்கினால் 600 மார்க் தள்ளுபடி. கார் வேண்டாம் என்றால் கையில் 100 மார்க்.