சக்கர நாற்காலியிற் பயிற்றிய ஆசான்

1929ஆம் ஆண்டு ஒக்தோபர் மாதம் 26ஆம் திகதி, சனிக்கிழமை. உருக்காலைகளாற் பெயர்பெற்ற பிற்ஸ்பேர்க் நகரிலே, ஆட்டக்காரர் உடைமாற்றும் அறைக்குள் நாற்பத்தொரு வயதினர் ஒருவரைத் துணைப் பயிற்றுநர் தம் கைகளில் ஏந்திவந்து இருத்தினார். அவருடைய காலில் நாளம் அழன்று இரத்தம் உறைந்திருந்தது. உறைந்த கட்டி இடம்பெயர்ந்து இருதயத்தையோ மூளையையோ சென்றடையுமாயின் உயிர் தரிக்காது என வைத்தியர் முன்னரே எச்சரித்திருந்தனர். அவ்வெச்சரிக்கையைக் கேட்டும் கேளாதவராய் அங்கு வந்திருந்தவர் நோட்டர் டேம் சர்வகலாசாலையின் உதைபந்தாட்டப் பயிற்றுநராகிய நூட் றொக்னி.

அமெரிக்கர் உதைபந்தாட்டம் என்று கூறுவது நம் பாடசாலைகளில் ஆடப்படும் ஆட்டமன்று. அது றக்பிக்கு உறவானது. அணிக்குப் பதினொருவர், முட்டைவடிவப் பந்து, கையிலேந்தி ஓடலாம், முன்னோக்கி எறியலாம், எதிரியைப் பிடித்து வீழ்த்தலாம். கல்லூரிகளுக்கிடையே நடைபெறும் இவ்வாட்டத்துக்கு அந்நாட்டார் கொடுக்கும் மதிப்பை அறியாதார்க்கு, ஓர் ஆட்டத்துக்காக ஒருவர் உயிரையே பணயம் வைத்தது பேதைமையாகவே தோன்றும். றொக்னி அன்று பிற்ஸ்பேர்க்குக்கு வந்தமைக்கு வேறொரு காரணமும் உண்டு. அந்நகரிலே அவருக்கு ஒரு பழைய கடன் இருந்தது.

றொக்னி பிறந்தது நோர்வே நாட்டின் மலைப்பாங்கான வொஸ் என்னும் ஊரில், 1888ஆம் ஆண்டு மார்ச் 4ஆம் திகதி. தந்தையார் வண்டி செய்யும் தொழிலர். 1893இல் சிக்காகோ நகரில் நடந்த உலகக் கண்காட்சியை நாடி அவர் அமெரிக்கா செல்ல, குடும்பமும் பின்தொடர்ந்தது. ஐந்து வயதிற் சென்ற பிள்ளை சிக்காகோத் தெருக்களிலே ஆங்கிலமும் ஆட்டமும் ஒருங்கே கற்றான். உதைபந்தாட்டம் முரட்டுத்தனமானது என்று பெற்றோர் தடுத்துப் பேஸ்போல் ஆட அனுமதிக்க, அந்தப் பேஸ்போல் மட்டையே மூக்கிற் பட்டு அதனை நசுக்கியது. வாழ்நாள் முழுவதும் அம்மூக்குத் தட்டையாகவே இருந்தது. வறுமையாற் சிக்காகோத் தபாற் கந்தோரில் சில ஆண்டுகள் வேலைபார்த்துப் பணம் சேர்த்த பின்னரே, 1910இல், இருபத்திரண்டாவது வயதில், சர்வகலாசாலை வாயிலை மிதித்தார். நோட்டர் டேம் இந்தியானா மாகாணத்திலே கத்தோலிக்கத் துறவியரால் நடாத்தப்படுவது. றொக்னியோ அக்காலத்தில் லூதரன் சபையினர்; 1925இலேயே கத்தோலிக்கரானார்.

இரசாயனமே அவர் விரும்பிக் கற்ற பாடம். செயற்கை இறப்பர் தோன்றுதற்கு அடிகோலிய ஆராய்ச்சியாளர் நியூலண்ட் அடிகளாரின் மாணாக்கராயிருந்து, 1914இற் பட்டம் பெற்றபின் ஆய்வுகூடத்திலும் துணைபுரிந்தார். ஆட்டத்திலும் அவர் புகழ் அதற்கு முந்திய ஆண்டே பரவிவிட்டது. 1913ஆம் ஆண்டுக் கோடையில் ஏரி ஏரிக்கரையிலுள்ள சீடர் பொயின்ற் என்னும் உல்லாசபுரியில் அவரும் தோழர் கஸ் டொறெயும் வேலைசெய்துகொண்டே, ஓய்வு வேளைகளிற் கடற்கரை போன்ற மணலிற் பந்தெறிந்து பிடித்துப் பழகினர். அவ்வாண்டு நவம்பர் முதலாந் திகதி, வெஸ்ற் பொயின்ற் இராணுவக் கல்லூரியை 35க்கு 13 என்ற கணக்கில் நோட்டர் டேம் வென்றபோது நாடே வியந்தது. முன்னோக்கி எறியும் முறையைக் கண்டுபிடித்தவர்கள் இவர்களே என்று எழுதுவோர் உளர், அது பிழை. 1906ஆம் ஆண்டிலேயே அம்முறை விதிகளில் இடம்பெற்றுவிட்டது. அதனை வல்லமைமிக்க ஆயுதமாக்கிக் காட்டியதே இவ்விருவர் செய்தது. அதுவே போதுமான பெருமை.

1918இல் தலைமைப் பயிற்றுநர் பதவி அவரை அடைந்தது. பதின்மூன்று ஆண்டுகளில் 105 வெற்றி, 12 தோல்வி, 5 சமநிலை. இப்பெருங் கணக்கை ஈண்டு விரிக்கப் புகவில்லை. அந்தப் பன்னிரண்டு தோல்விகளுள் சிலவே நமக்கு வேண்டியவை.

1926ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் திகதி அவற்றுள் ஒன்று நேர்ந்தது. அதுவரை எட்டு ஆட்டங்களிலும் வென்றிருந்த அணி, பிற்ஸ்பேர்க் நகரிற் கார்ணகி தொழில்நுட்பக் கல்லூரியைச் சந்திக்கவிருந்தது. எதிரணியை எவரும் பெரிதாகக் கருதவில்லை. றொக்னியும் கருதவில்லை. அணியைத் துணைவரிடம் ஒப்படைத்துவிட்டு, இராணுவக் கல்லூரிக்கும் கடற்படைக் கல்லூரிக்குமிடையே நடந்த பேராட்டத்தைக் காணச் சிக்காகோ சென்றார். அங்கே அவர் பார்வையாளராய் அமர்ந்திருக்க, இங்கே அவருடைய மாணாக்கர் 19க்கு 0 எனத் தோற்றனர். புகழ் மிகுந்த காலத்தில் அவர் பத்திரிகைகளுக்கு எழுதுவதும் சொற்பொழிவுகளுக்குச் செல்வதுமாய்ப் பல திசைகளிலும் இழுபட்டார். அதன் விலையை அன்று செலுத்தியவர்கள் இளைஞரே. சுகதேகியாயிருந்தும் ஆசிரியர் வகுப்பிற்கு வராத நாள் அது என்று சொன்னாற் குற்றமாகாது.

இரண்டாண்டுகளுக்குப்பின் வந்த 1928 இன்னும் கொடியது. தேர்ந்த ஆட்டக்காரர் பலர் பட்டம்பெற்று விலக, விஸ்கொன்சினிடம் 22க்கு 6 எனவும், ஜோர்ஜியா தொழில்நுட்பக் கல்லூரியிடம் 13க்கு 0 எனவும் அணி தோற்றது. இந்நிலையிலேதான் நவம்பர் 10ஆம் திகதி நியூயோர்க் நகரில் இராணுவக் கல்லூரியுடன் மோதும் நாள் வந்தது. 1920 டிசெம்பரில் தொண்டைநோய் முற்றி நியுமோனியாவால் இறந்த ஜோர்ஜ் கிப் என்ற ஒப்பற்ற ஆட்டக்காரன், மரணப் படுக்கையிலே தன்னிடம் ஒரு வேண்டுகோள் விடுத்தானென்றும், அணி இடர்ப்படும் வேளையில் தனக்காக ஓர் ஆட்டத்தை வென்று தரும்படி கேட்டானென்றும் றொக்னி அன்று தம் மாணாக்கருக்கு எடுத்துரைத்தார். கேட்டவர் உள்ளம் நெகிழ்ந்தனர். 12க்கு 6 என வென்றனர். கிப் உண்மையிலே அவ்வாறு கேட்டானோ என்று வரலாற்றாசிரியர் சிலர் ஐயுறுகின்றனர். 1940இல் றொக்னியின் வாழ்க்கை சலனப்படமானபோது கிப்பாக நடித்த றொனால்ட் றேகன் பின்னாளில் அமெரிக்க சனாதிபதியானமையால், அக்கதை அரசியல் மேடைவரை ஏறிற்று.

ஆயினும் படம் பார்த்தோர் பலர் அறியாத செய்தி அடுத்த வாரத்தில் இருக்கிறது. நவம்பர் 17ஆம் திகதி அதே அணி, தன் சொந்த மைதானமாகிய கார்ற்றியர் வெளியில், அதே கார்ணகி கல்லூரியிடம் 27க்கு 7 எனத் தோற்றது. 1905ஆம் ஆண்டுக்குப்பின் அம்மைதானத்தில் நோட்டர் டேம் கண்ட முதற் தோல்வி அது. பின்பு தென் கலிபோர்ணியாவிடமும் 27க்கு 14 என்ற கணக்கில் வீழ்ந்தது. ஐந்து வெற்றி, நான்கு தோல்வி: றொக்னியின் ஆண்டுகளுள் இதுவே கடையானது. உருக்கமான உரை ஒரு பிற்பகலை வென்று தந்ததேயன்றி, எட்டு நாள் நிலைக்கும் உறுதியைத் தரவில்லை.

1929இல் அணிக்கு வீடே இல்லாமற் போயிற்று. நெடுநாள் றொக்னி வற்புறுத்திவந்த புதிய அரங்கம் எழும்பத் தொடங்கியது. பழைய கார்ற்றியர் வெளி கைவிடப்பட்டது. ஒன்பது ஆட்டங்களும் பிற ஊர்களில். அப்போதே நோயும் வந்து அவரைக் கட்டிலில் வீழ்த்திற்று. கடற்படைக் கல்லூரியுடன் ஆடச் சென்ற அணியோடு அவராற் போக முடியவில்லை. துணைப் பயிற்றுநர் ரொம் லீப் பொறுப்பேற்றார். றொக்னி வீட்டிலிருந்து தொலைபேசியில் ஆட்டக்காரரோடு பேசினார்; எழுந்திருக்க இயன்ற நாட்களிற் பயிற்சிவெளியருகே கொண்டுவந்து வைக்கப்பட்டார். முன்பெல்லாம் மைதானமெங்கும் தாமே ஓடிச் செய்துகாட்டிய மனிதர் அவர். செய்துகாட்ட இயலாதபோது பிறரை நம்பவேண்டும். துணைவர் கற்பித்தனர்; பந்தை நடாத்தும் பொறுப்பில் நின்ற பிராங் கறிடியோ களத்திற் சிந்தித்தான். 1926இல் அவரில்லாது தோற்ற அணியின் வழிவந்த இளைஞர், இவ்வாண்டு அவரில்லாமலே கடற்படைக் கல்லூரியை 14க்கு 7 என வென்று திரும்பினர். இவ்வொரு வெற்றியை நான் கிப்பின் வெற்றியிலும் பெரிதாக மதிக்கிறேன்.

பின்னர் பிற்ஸ்பேர்க். கார்ணகி மூன்றாம் முறையாக எதிரே நிற்கிறது. இம்முறை தோற்றால் அது பழக்கமாகிவிடும். இந்த ஒரு நாளேனும் உடனிருக்கவேண்டுமென்று றொக்னி துணிந்தார். பேசி முடித்ததும் சக்கர நாற்காலியில் மைதான ஓரத்துக்குக் கொண்டு செல்லப்பட்டார். ஆட்டம் நெடுநேரம் வெறுமையாகவே சென்றது. ஈற்றில் ஜோ சவோல்டி என்னும் வலியன் எதிரணிச் சுவரைப் பிளந்து கோட்டைக் கடந்தான். 7க்கு 0. அவ்வளவே.

மற்றவற்றைச் சுருங்கச் சொல்லலாம். முந்திய ஆண்டு தம்மைத் தோற்கடித்த நான்கு அணிகளையும் அவ்வாண்டு நோட்டர் டேம் வென்றது: விஸ்கொன்சினை 19க்கு 0, கார்ணகியை 7க்கு 0, ஜோர்ஜியாவை 26க்கு 6, சிக்காகோவிலே 1,12,000 பேருக்குமேற் கூடிய பெருந்திரளின்முன் தென் கலிபோர்ணியாவை 13க்கு 12. கடைசி ஆட்டம் நவம்பர் 30ஆம் திகதி நியூயோர்க்கில், இராணுவக் கல்லூரியுடன். கடுங்குளிரால் நிலம் இறுகிக் கிடந்தது. றொக்னியோ அங்கில்லை. ஜாக் எல்டர் எதிரியின் எறியைப் பறித்து ஏறக்குறைய மைதான முழுநீளமும் ஓடி ஆட்டத்தை முடித்தான். ஒன்பதில் ஒன்பது.

1930 ஒக்தோபரிற் புதிய அரங்கம் திறக்கப்பட்டது. ஏழரை இலட்சம் டொலருக்குமேற் செலவாகிய அக்கட்டிடத்தினுள்ளே, பழைய கார்ற்றியர் வெளியின் புற்கரணைகளையே பெயர்த்துக்கொண்டுவந்து பதித்தனர். றொக்னியின் விருப்பம் அது. அவ்வாண்டும் பத்து ஆட்டங்களிற் பத்து வெற்றி. டிசெம்பர் 6ஆம் திகதி தென் கலிபோர்ணியாவை 27க்கு 0 என வீழ்த்தியதே கல்லூரி ஆட்டங்களுள் அவர் பயிற்றிய இறுதி ஆட்டமாயிற்று.

1931 மார்ச் 31ஆம் திகதி, சலனப்பட அலுவலாக லொஸ் அஞ்சலிசு நோக்கிச் சென்ற அவருடைய விமானம், கன்சாஸ் மாகாணத்தின் பசார் என்னும் சிற்றூரருகே மேய்ச்சல் நிலத்தில் வீழ்ந்து நொறுங்கியது. அதிலிருந்த எண்மரும் மாண்டனர். மரத்தாலான இறக்கை முறிந்தமையே காரணம். இம்மரணம் எழுப்பிய கூக்குரலால், அமெரிக்க விமானங்களின் அமைப்பும் மேற்பார்வையும் கண்டிப்புடன் ஆராயப்படலாயின. நோர்வே மன்னர் தம் பிரதிநிதியை இறுதிச் சடங்குக்கு அனுப்பினார்.

ஏப்ரில் 4ஆம் திகதி சனிக்கிழமை நடந்த அச்சடங்கிலே பேழையைச் சுமந்தவர் அறுவர். கறிடியோவும் அவ்வறுவருள் ஒருவன். அவர்கள் அனைவரும் றொக்னியின் கடைசி அணியின் மாணாக்கர்.