ராபர்ட் சிசோம்

ராபர்ட் ஃபெலோஸ் சிசோம் (ஜனவரி 11, 1840 - மே 28, 1915) ஒரு பிரித்தானியக் கட்டடக் கலைஞர் ஆவார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் சேப்பாக்கம் வளாகத்தில் உள்ள செனட் மண்டபம் இவரால் வடிவமைக்கப்பட்டது. இந்திய-சாரசெனிக் கட்டடக்கலையின் முன்னோடிகளுள் ஒருவராக இவர் கருதப்படுகிறார்.

தொடக்க காலம்

இலண்டனில் பிறந்த சிசோம், இந்தியாவுக்கு வந்து கல்கத்தாவில் பொதுப்பணித் துறையில் பணியாற்றினார். 1864 இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கும் செனட் மண்டபத்துக்கும் வடிவமைப்புப் போட்டி அறிவிக்கப்பட்டது. அதில் இவருடைய வரைபடங்கள் தேர்வு பெற்றமையால் சென்னைக்கு வந்தார். 1870 இல் திறக்கப்பட்ட மாநிலக் கல்லூரி இத்தாலியப் பாணியைத் தழுவியது. நீலகிரி மலையில் இவர் வடிவமைத்த லவ்டேல் லாரன்ஸ் பள்ளி, உதகமண்டலம் நீலகிரி நூலகம் ஆகியனவும் மேலைநாட்டுப் பாணியிலேயே அமைந்தன.

பாணி மாற்றம்

1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு, உள்நாட்டுக் கட்டட மரபுகளைப் போற்றியவர். அவரது ஆதரவுடன் சிசோம் அம்மரபுகளைக் கற்றார். ஆர்க்காட்டு நவாபின் மாளிகையாக இருந்து 1850களில் அரசிடம் சென்ற சேப்பாக்கம் அரண்மனையில், அதன் பழைய தோற்றத்துக்கு இயைந்த கோபுரத்தைச் சேர்த்தார். திருவனந்தபுரம் நேப்பியர் அருங்காட்சியகத்தில் (1880) கேரள மரபைக் கையாண்டார்.

செனட் மண்டபம்

சென்னைப் பல்கலைக்கழகம் 1857 இல் நிறுவப்பட்டது. அதன் செனட் மண்டபம் 1874 இல் தொடங்கி 1879 இல் கட்டி முடிக்கப்பட்டது. அருகிலுள்ள அரண்மனைக்கு ஏற்ப, இசுலாமிய, பைசாந்தியக் கூறுகளை இணைத்து, நான்கு மூலைகளிலும் குவிமாடம் கொண்ட கோபுரங்களுடன் இதனை அமைத்தார். இதனால் ஒரே கடற்கரைச் சாலையில் உள்ள மாநிலக் கல்லூரியும் செனட் மண்டபமும், ஒரே கலைஞரின் இருவேறு காலப் பார்வைகளைக் காட்டுகின்றன.

1937 இல் சென்னை மாகாணச் சட்டமன்றம் சில மாதங்கள் இங்குக் கூடியது. பிற்காலத்தில் போதிய பராமரிப்பின்றிப் பழுதுற்ற மண்டபம், 2000களில் புதுப்பிக்கப்பட்டது.

இறுதிக்காலம்

சார்லஸ் மான்ட் 1881 இல் இறந்தபின், பரோடாவின் இலட்சுமி விலாசு அரண்மனையைச் சிசோம் 1890 இல் நிறைவு செய்தார். பரோடா கல்லூரியின் பெருங்குவிமாடக் கட்டடமும் இவருடையதே. அது பின்னர் மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் கலைப் புலமாயிற்று. இங்கிலாந்து திரும்பிய பின் இலண்டனில் வடிவமைத்த தேவாலயம் ஒன்று, 2004 முதல் கடோகன் அரங்கு என்னும் இசையரங்காக இயங்குகிறது. சிசோம் 1915 இல் இங்கிலாந்தின் சவுத்சீ நகரில் காலமானார்.