காரைக்காலை வாங்கிய கவர்னர்

காரைக்கால்மேட்டுக் கரையில் வலை உலர்த்தும் மீனவர் முசியே துய்மாவின் பெயரைக் கேட்டிருக்கமாட்டார். சரித்திரப் புஸ்தகங்கள் கொண்டாடுவது தூப்ளேயைத்தான். ஆயினும் அந்தக் கரை பிரெஞ்சுக் கொடியின் கீழ்ச் சென்றதற்குக் காரண புருஷர், அவருக்கு முந்திய கவர்னரான பெனுவா துய்மாவே.

இளம் பிராயத்தில் கம்பெனி உத்தியோகத்துக்காகப் புதுச்சேரி வந்தவர் அவர். பின்னர் மொரீஷியஸ், பூர்போன் தீவுகளை நிர்வகித்துவிட்டு 1735-ல் கவர்னராகத் திரும்பினார். பெரும் சேனை அவரிடம் இல்லை. பண்டகசாலையும் பணப்பெட்டியும் இருந்தன. அண்டை அரசருக்கு எப்பொழுது எது தேவை என்றறியும் கூர்மையும் இருந்தது. ஆர்க்காட்டு நவாப் தோஸ்த் அலி கானின் சிநேகத்தைக் கொண்டு, புதுச்சேரியில் ரூபாய் அச்சடிக்கும் உரிமையை 1736-ல் டில்லி பாதுஷாவிடம் பெற்றார். கப்பலில் வந்திறங்கும் வெள்ளியைச் சொந்தத் தங்கசாலையிலேயே நாணயமாக்கும் லாபம் அன்று முதல் கம்பெனிக்குச் சேர்ந்தது.

1738-ல் தஞ்சாவூரில் வாரிசுச் சண்டை மூண்டது. சிம்மாசனம் இழந்த சாஹுஜி சிதம்பரத்தில் தஞ்சம் புகுந்து, புதுச்சேரிக்குத் தூது அனுப்பினார். துய்மா பணமும் வெடிமருந்தும் தர இசைந்தார். பிரதியாகக் கேட்டது காரைக்காலையும், அதன் கோட்டையையும், சில கிராமங்களையும். காவேரிப் பாசனத்து நெல்லும், அந்நாட்டு நெசவுத் துணியும் புதுச்சேரிக்கு எத்துணை அவசியம் என்பது அவருக்குத் தெரியும்.

அரியணை திரும்பியதும் சாஹுஜிக்கு மனம் மாறிற்று. நாகப்பட்டினத்து டச்சுக்காரரும் தங்கள் வியாபாரத்துக்குப் பங்கம் வருமென்று தடை சொன்னார்கள். துய்மா யுத்தம் தொடுக்கவில்லை. தோஸ்த் அலியின் மருமகன் சந்தா சாகிபு திருச்சிராப்பள்ளியிலிருந்தார். அவருடைய படை காரைக்காலைப் பிடித்துப் பிரெஞ்சுக்காரரிடம் ஒப்புவித்தது. இது நடந்தது 1739 பிப்ரவரியில். ஆர்க்காட்டில் போட்ட சிநேக முதல் தஞ்சாவூரில் வட்டி ஈன்றது! அடுத்து வந்த பிரதாப சிங்கரும் பணமுடையில் மேலும் கிராமங்களை விட்டுக்கொடுத்தார்.

துய்மாவை நாம் நிந்திக்கப் போவதில்லை. அவர் தம் நாட்டுக்கு உழைத்தார். நாம் நோவது, தாயாதிச் சண்டைக்குத் துறைமுகத்தை ஈடு வைத்த தஞ்சாவூர்த் தர்பாரையே. இது பழங்கதை என்று தள்ளிவிடவும் இயலவில்லை. 2017-ல் இலங்கை அம்பாந்தோட்டைத் துறைமுகத்தைச் சீனக் கம்பெனி ஒன்றுக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. 2022-ல் அத்தீவு திவாலானபோது நமது தேசம் ஏறக்குறைய 400 கோடி டாலர் அளவுக்குக் கைகொடுத்தது. கொடுக்கிற கை பின்னர் எதைக் கேட்கும் என்று கொழும்பு எண்ணியிருந்தால், அதில் குற்றம் காண நமக்கு நியாயமில்லை.

துய்மாவிடம் பெருந்தன்மையும் இருந்தது. 1740-ல் மராட்டியர் தாமல்செருவில் தோஸ்த் அலியைக் கொன்றபொழுது, அவருடைய குடும்பத்துக்குப் புதுச்சேரியில் அடைக்கலம் தந்தார். ரகோஜி போன்ஸ்லே மிரட்டியும் அவர்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. டில்லி இதை மெச்சி நவாப் பட்டமும் மன்ஸப்தார் அந்தஸ்தும் வழங்கிற்று. வர்த்தகக் கம்பெனியின் கணக்கப்பிள்ளைகளுக்கு மேலிருந்த ஒருவர் அன்றுமுதல் மொகலாய சாம்ராஜ்யத்தின் பிரபுவுமானார். அப்பட்டத்தைத் தமக்குப் பின்வரும் கவர்னர்களுக்கும் உரியதாக்கிக்கொண்டதுதான் அவருடைய கடைசிச் சாமர்த்தியம். தூப்ளே அதை எவ்வாறு பிரயோகித்தார் என்பது வாசகர் அறிந்ததே.

1741-ல் துய்மா கப்பலேறினார். 1746-ல் பிரான்ஸில் காலமானார். அவர் வாங்கிய ஊர் இடையிடையே ஆங்கிலேயர் கைக்கு மாறி மீண்டது. 1954 நவம்பர் 1 அன்றுதான் அங்கே பிரெஞ்சுக் கொடி இறங்கிற்று.