பிரம்மபுத்திரா தீரத்தில் பாகவத தர்மம்: ஸ்ரீமந்த சங்கரதேவர் திருச்சரிதம்

பாரத தேசத்தில் பக்தி பரவிய வரலாற்றைப் பத்ம புராணத்தைச் சேர்ந்த பாகவத மாஹாத்மியம் ஓர் அழகிய கதையாகச் சொல்லுகிறது. பக்தி என்னும் பெண் திராவிட தேசத்தில் பிறந்து, கர்நாடகத்தில் வளர்ந்து, மஹாராஷ்டிரத்தில் ஆங்காங்கே போற்றப்பெற்று, கூர்ஜரத்தில் மூப்பெய்தித் தளர்ந்து, பிருந்தாவனம் சேர்ந்ததும் மீண்டும் இளமை பெற்றாள் என்பது அதன் சாரம். ஆழ்வார்கள் அவதரித்த மண்ணில் வாழும் நமக்கு இது பெருமை தருவதாகும். ஆனால் அப்பெண்ணின் யாத்திரை பிருந்தாவனத்தோடு முடிந்துவிடவில்லை. பாரதத்தின் கீழ்க்கோடியில், பிரம்மபுத்திரா பாயும் காமரூப தேசத்து ஊர்களுக்கும் அவள் எழுந்தருளினாள். அங்கே அவளுக்கு வீடுதோறும் இடம் தேடித் தந்த மஹான் ஸ்ரீமந்த சங்கரதேவர் ஆவார்.

உலகில் சமயங்கள் பரவிய வழிகள் பல. பௌத்தம் வணிகர் சென்ற பாதைகளில் பிக்ஷுக்களோடு நடந்து சீன தேசத்தை அடைந்தது. கிறிஸ்து சமயம் ரோமாபுரிப் பேரரசின் சாலைகளிலும் துறைமுகங்களிலும் பரவியது. இஸ்லாம் வணிகர்களின் மரக்கலங்களில் மலாய்த் தீவுகளைச் சேர்ந்தது. அரசர் ஆதரவு வாய்த்தவிடத்து இப்பரவல் விரைவு பெற்றது. சங்கரதேவருக்கோ வாழ்நாளின் பெரும்பகுதியில் அரசரால் விளைந்தது துன்பமே. அத்துன்பமே அவரை ஊர்விட்டு ஊர் செலுத்திற்று. அவர் சென்றவிடமெல்லாம் பாகவத தர்மம் வேரூன்றிற்று.

அவர் அவதரித்தது 1449ஆம் ஆண்டு என்பது அஸ்ஸாமிய வைஷ்ணவர்களின் மரபு. இந்நாளைய நகாவ் மாவட்டத்தில் உள்ள போர்தோவாப் பகுதி அவருடைய ஜன்மபூமி. தந்தையார் குசும்பர், பூஞா எனப்படும் நிலத்தலைவர் குலத்தினர். இளமையிலேயே பெற்றோரை இழந்த குழந்தையைப் பாட்டியார் கேர்சுதி வளர்த்தார். பன்னிரண்டு வயது வரை விளையாட்டிலேயே காலம் கழித்த சிறுவன், பின்னர் மஹேந்திர கந்தளி என்னும் பண்டிதரிடம் ஸம்ஸ்கிருதம் பயின்றான். அகர உயிர் ஏறிய எழுத்துகளை மட்டுமே அமைத்து அவன் பாடிய முதற் பாடலைக் கண்டு ஆசிரியர் வியந்தார் என்பர்.

உரிய காலத்தில் மணம் நிகழ்ந்தது. மனு என்னும் பெண் மகவைத் தந்துவிட்டு மனைவி சூரியவதி காலமானார். மகளை வளர்த்து, ஹரி என்பவருக்கு மணமுடித்துக் கொடுத்த பின்னரே, 1481ஆம் ஆண்டளவில், சங்கரதேவர் தீர்த்த யாத்திரை புறப்பட்டார். தமக்கு எழுத்தறிவித்த ஆசிரியரும் அவருடன் சென்றார். புரி, காசி, பிரயாகை, மதுரா, பிருந்தாவனம் முதலிய தலங்களைச் சேவித்துத் திரும்பப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. புரி ஜகந்நாதனுடைய ஸந்நிதி அவர் உள்ளத்தை முழுதும் கவர்ந்தது. பின்னாளில் மிதிலையைச் சேர்ந்த ஜகதீச மிச்ரர், ஸ்ரீதரருடைய வியாக்கியானத்தோடு கூடிய ஸ்ரீமத் பாகவதத்தைப் புரியிலிருந்து கொண்டுவந்து அவர்முன் பாராயணம் செய்தார். யாத்திரையில் கண்டதெல்லாம் இந்நூலுக்குள் இருக்கக் கண்ட சங்கரதேவர், அதனைத் தம் மக்களின் மொழியில் பாடத் தொடங்கினார்.

அவர் உபதேசித்த நெறிக்கு ஏகசரணம் என்று பெயர். ஒருவனையே சரணமாகப் பற்றுதல் என்பது இதன் பொருள். கண்ணன் அர்ஜுனனுக்கு அருளிய சரம சுலோகமே இதற்கு மூலம். அதனையே ரஹஸ்ய த்ரயத்துள் ஒன்றாகக் கொண்டாடும் நமக்கு இந்நெறி அந்நியமன்று. தேவி உபாசனையும் உயிர்ப்பலியும் மிகுந்திருந்த அந்நாட்டில், கண்ணன் திருநாமத்தைச் சொல்லுதலும் கேட்டலுமே போதும் என்றார் அவர். ஊர்தோறும் நாம்கர் என்னும் நாமசங்கீர்த்தன மண்டபங்கள் எழுந்தன. காரோ, மிரி, ஆகோம் ஆகிய குலத்தவரும், சாந்த்சாய் என்னும் இசுலாமியத் தையற்காரரும் அவருடைய அடியார் ஆயினர். திருக்குலத்தார் என்று பெயரிட்டுத் தாழ்த்தப்பட்டோரை மேலக்கோட்டையில் உயர்த்திய நம் எம்பெருமானாரை இங்கு நினையாதிருக்க இயலாது.

பகைவரால் பூஞாக்கள் தம் ஊரை விட்டு நீங்க நேர்ந்தது. சங்கரதேவர் ஆகோம் அரசரின் நாட்டில், மாஜுலித் தீவை அடுத்த தூவாஹாட்டில் தங்கினார். அங்கேதான் மாதவதேவர் அவரைச் சந்தித்தார். நோயுற்ற தாயின்பொருட்டு தேவிக்கு ஆட்டுப்பலி நேர்ந்துகொண்ட அவர், பலியை மறுக்கும் குருவிடம் வாதிடவே வந்தார். நெடுநேரம் நடந்த வாதத்தில், மரத்தின் வேருக்கு வார்த்த நீர் கிளைகளுக்கெல்லாம் சேர்வதுபோல் அச்சுதனுக்குச் செய்யும் ஆராதனை தேவர் அனைவரையும் சேரும் என்னும் பாகவதப் பொருளைக் கேட்டதும் வாதம் ஓய்ந்தது. வாதிட வந்தவர் சீடரானார்.

ஆனால் அங்கும் நிலைத்திருக்க முடியவில்லை. காட்டு யானைகளைப் பிடிக்கும் பணியில் பூஞாக்களும் உதவவேண்டும் என்பது அரசாணை. அவர்கள் காவல் நின்ற வழியே யானைகள் தப்பிச் சென்றன. சினங்கொண்ட அரசர் ஆணையால் மருமகன் ஹரியும் மாதவதேவரும் சிறைப்பட்டனர். மாதவதேவர் பின்னர் விடுவிக்கப்பட்டார், ஹரி கொல்லப்பட்டார். தாயற்ற மகளைத் தாமே வளர்த்துக் கொடுத்த தந்தை, அவளைக் கைம்பெண்ணாகக் காண நேர்ந்தது. அந்நாட்டை விட்டுச் சங்கரதேவர் அடியார்களோடு படகேறி, பிரம்மபுத்திராவின் போக்கிலேயே மேற்கே சென்று, கோச் அரசரின் நாட்டில் பர்பேட்டாவை அடுத்த பாட்பௌஸியில் குடியமர்ந்தார்.

அங்கும் சோதனை வந்தது. அந்தணரல்லாத ஒருவர் பாகவதத்தைத் தேசபாஷையில் பாடி எல்லாக் குலத்தவர்க்கும் கொடுக்கிறார் என்று வடமொழி கற்ற பண்டிதர்கள் நரநாராயண மன்னரிடம் குற்றம் சாட்டினர். வடமொழி கற்ற அடியேன் இதனை நாணத்தோடுதான் எழுதுகிறேன். மன்னரின் தம்பியும் சேனாதிபதியுமான சிலாராய் சங்கரதேவரை மறைத்துக் காத்தார். அகப்பட்ட சீடர்களான நாராயணதாஸரும் கோகுலசந்தரும் கொடிய சித்திரவதைக்கு ஆளாகியும் குருவின் இருப்பிடத்தைச் சொல்லவில்லை. உடையவருக்காகத் தம் கண்களையே ஈந்த கூரத்தாழ்வானை அறிந்த நமக்கு, இவர்களுடைய பெருமையை விரித்துரைக்க வேண்டியதில்லை.

முடிவில் சங்கரதேவர் தாமே அரசவைக்கு எழுந்தருளி, தம் புலமையாலும் பணிவாலும் மன்னரின் மதிப்பைப் பெற்றார். ஒரு சமயம் பாகவதம் முழுவதையும் ஒரே இரவில் சிறு நூலாகச் சுருக்கித் தரும்படி மன்னர் பண்டிதர்களைக் கேட்க, ஏனையோர் இயலாதென்றனர். சங்கரதேவர் குணமாலை என்னும் நூலை இயற்றி விடியலில் அளித்தார். சுண்ணாம்புச் செப்புக்குள் யானையை அடைத்தவர் என்று இன்றும் அந்நாட்டினர் இதனைப் போற்றுகின்றனர்.

1550ஆம் ஆண்டில் நூற்றுக்கு மேற்பட்ட அடியார்களோடு அவர் மீண்டும் புரிக்கு யாத்திரை சென்றார். அங்கிருந்து பிருந்தாவனம் சென்றால் குரு திரும்பமாட்டாரோ என்று அவருடைய இரண்டாம் மனைவியார் காளிந்தி அஞ்சினார். அவர் வேண்டியபடி மாதவதேவர் குருவை ஊருக்கே அழைத்து வந்துவிட்டார். பின்னர், சிலாராயின் விருப்பத்துக்கிணங்க, கண்ணனுடைய பிருந்தாவன லீலைகளை வண்ணப் பட்டிழைகளால் சித்திரமாக நெய்யும் பணியைப் பர்பேட்டா நெசவாளர்களைக்கொண்டு அவர் நடத்தினார். விருந்தாவனி வஸ்திரம் என்பது அதன் பெயர். அம்மரபில் 17ஆம் நூற்றாண்டில் நெய்யப்பட்ட பட்டு ஒன்று திபெத்து சென்று, அங்கிருந்து இலண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தை அடைந்து இன்றும் உள்ளது. அடியார் பிருந்தாவனம் செல்ல இயலாதபோது, பிருந்தாவனம் அடியாரின் தறிக்கு வந்தது!

மன்னர் நரநாராயணர் தமக்கும் சரணம் அளிக்குமாறு வற்புறுத்தினார். அரசர்க்குச் சரணம் அளிப்பதில்லை என்பது சங்கரதேவர் கொண்ட விரதம். அவ்விரதம் குலையாமலே, மாதவதேவரைத் தமக்குப்பின் குருவாக நியமித்து, 1568ஆம் ஆண்டில் கோச் பிஹாரில் அவர் திருநாடலங்கரித்தார்.

அவருக்குப்பின் அடியார்கள் நான்கு ஸம்ஹதிகளாகப் பிரிந்தனர். ஸத்திரங்கள் எனப்படும் மடங்கள் நாடெங்கும் தோன்றின. ஹரியைக் கொன்ற அதே ஆகோம் அரச மரபில் வந்த ஜயத்வஜ ஸிம்ஹர், நூறாண்டுகளுக்குப் பின் வைஷ்ணவ தீக்ஷை பெற்று, 1653இல் மாஜுலியில் ஆவுனியாடி ஸத்திரத்தை நிறுவினார். ஸத்திரங்களில் வளர்ந்த ஸத்திரிய நடனம் 2000ஆம் ஆண்டில் சாஸ்திரீய நடனமாக அங்கீகரிக்கப்பட்டது. மாஜுலித் தீவின் கரையை ஆண்டுதோறும் ஆறு அரித்துச் செல்கிறது. இடம் பெயர்ந்த ஸத்திரங்களும் உண்டு. நாமசங்கீர்த்தனம் மட்டும் நிற்கவில்லை.

இறுதியாக ஒன்று. பல நாம்கர்களில் அர்ச்சாமூர்த்தி இல்லை. ஸிம்ஹாஸனத்தில் பாகவத ஸ்ரீகோசமே எழுந்தருளியிருக்கும். பிரம்ம ஸம்ஹதி ஸத்திரங்களில் திருமேனியும் உண்டு. தினமும் எம்பெருமானுக்குத் திருமஞ்சனம் செய்து மாலை சாற்றும் அடியேனுக்கு, திருமேனியில்லாத ஸந்நிதி என்று படித்தபோது முதலில் மனம் ஒப்பவில்லை. பின்னர் நம் உற்சவத்தையே எண்ணிப் பார்த்தேன். புறப்பாட்டில் திவ்யப்பிரபந்த கோஷ்டி முன்னே செல்ல, எம்பெருமான் அதன் பின்னே அன்றோ எழுந்தருளுகிறான்! அடியார் வாயிலுள்ள சொல் முன்னே சென்றால் அவன் எவ்வூருக்கும் வருவான். பிரம்மபுத்திராக் கரைக்கும் அவ்வாறே சென்றான்.

இவ்வுற்சவத்துக்கு எழுந்தருளியுள்ள பக்தகோடிகள் இன்று வீதியில் கோஷ்டியைச் சேவிக்கையில் இதனை ஒருகணம் நினைத்து, ஊர் திரும்புங்கால் திருநாமத்தையும் உடன் கொண்டு செல்ல வேண்டுமாய்ப் பிரார்த்திக்கிறேன்.

சுபம்.