240 டாலரும் 40 டாலரும்

கம்ப்யூட்டர் நிரல் எழுதுவோருக்குக் கருவிகள் செய்து கொடுத்தவர் காரி கில்டால். 1942-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பிறந்தார். கடற்படைக் கல்லூரி ஆசிரியர். இன்டெல் சில்லுகளுக்காகப் பி.எல்.எம். என்ற நிரல்மொழியை உருவாக்கினார். பிறகு 1974-ல் சி.பி.எம். இயக்க முறை பிறந்தது. பல கம்பெனிகளின் சிறு கம்ப்யூட்டர்களில் ஒரே நிரல் ஓட அது வழி செய்தது. நிரல் எழுதவும் பிழை பார்க்கவும் கருவிகள் கூடவே வந்தன. மனைவி டாரத்தியும் அவரும் நடத்திய 'டிஜிட்டல் ரிசர்ச்' கம்பெனி செழித்தது.

1980-ல் ஐ.பி.எம். ஆட்கள் தேடி வந்தார்கள். பேரம் படியவில்லை. கில்டால் விமானம் ஓட்டப் போய்விட்டதால் வந்த வினை என்று பிறகு கதை கட்டினார்கள். பாவம், அது நியாயமல்ல! ஐ.பி.எம். பின்னர் அவருடைய சரக்கையும் விற்கத்தான் செய்தது. விலை 240 டாலர். மைக்ரோசாப்ட் தந்த டாஸ் 40 டாலர்! ஜனங்கள் எதை வாங்குவார்கள்?

1991-ல் கம்பெனி நாவெல் வசமாயிற்று. 1994-ல் கில்டால் காலமானார். வயது 52.